ஏழு நாள் காத்திருந்த பாளயம்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலய வாசலில் நின்று உங்கள் ஒவ்வொருவரையும் வாழ்த்திக்கொண்டிருந்தேன். நம் சபையின் மூத்த தாயார் ஒருவர், வழக்கம்போல எல்லாருக்கும் முன்னதாகவே வெளியே வந்தார். பல ஆண்டுகளாக அவர் பீடத்துக்கு அருகே, மூன்றாம் வரிசையில் தம் கணவரோடு அமர்ந்து பாடியவர். 2021க்குப் பின் கதவை ஒட்டிய கடைசிப் பெஞ்சில்தான் அமர்கிறார். "ஏன் அம்மா, முன்னால் வந்து உட்காரலாமே?" என்று கேட்டேன். "பழகிப்போச்சு ஐயா. அப்போ எல்லாரும் என்னைக் கண்டு தள்ளித் தள்ளிப் போனாங்க. நானே தள்ளி உட்கார்ந்துகிட்டா யாருக்கும் சங்கடம் இல்ல பாருங்க" என்றார். முகத்தில் கோபம் இல்லை, புன்னகையோடுதான் சொன்னார். அதுவே என்னை அதிகமாய் வருத்திற்று.

அவருடைய அனுமதியோடு, பெயரைச் சொல்லாமல் இதை எழுதுகிறேன். மருத்துவர்கள் அவரைத் தனிமையிலிருந்து இரண்டு வாரத்தில் விடுவித்துவிட்டார்கள். சபையாகிய நாமோ இன்றுவரை அவரை உள்ளே அழைத்துவரவில்லை.

வீடு திரும்பியதும் எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். மோசேக்கு விரோதமாய்ப் பேசிய மிரியாம் குஷ்டரோகியாகிறாள். மோசே அவளுக்காகக் கெஞ்சி ஜெபிக்கிறான். ஏழு நாள் அவள் பாளயத்துக்குப் புறம்பே வைக்கப்படுகிறாள். இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில் இந்த அதிகாரத்தைக் குறித்து நான் ஒரு கட்டுரை எழுதினேன். மோசேயின் சாந்தகுணத்தைப் பற்றியும் அவனுடைய தீர்க்கதரிசன ஊழியத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாய் எழுதினேன். ஆனால் 15ஆம் வசனத்தின் பிற்பகுதி அப்போது என் கண்ணில் படவில்லை. மிரியாம் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படும் வரைக்கும் ஜனங்கள் புறப்படவில்லை என்று அது சொல்லுகிறது. வாக்குத்தத்த தேசத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த அத்தனை பெரிய ஜனக்கூட்டம், ஒரு பெண்ணுக்காக ஏழு நாள் வனாந்தரத்தில் காத்திருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மிரியாமின் நோய் அவளுடைய குற்றத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டு நம் நாட்களின் நோயாளிகளைக் குற்றவாளிகளாக்க நமக்கு உரிமை இல்லை. பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்கள் அப்படிக் கேட்டபோது ஆண்டவர் அந்தக் கேள்வியையே மறுத்துவிட்டார் (யோவான் 9). இந்த அதிகாரத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே. தனிமைப்படுத்துதலுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. வெளியே இருக்கிறவர் ஒரு பக்கம். உள்ளே இருந்து காத்திருந்து, மறுபடியும் சேர்த்துக்கொள்ள வேண்டியவர்கள் மறுபக்கம். முதற்பக்கத்தை அரசும் மருத்துவமும் கவனித்துக்கொள்ளும். இரண்டாம் பக்கம் சபையின் கடமை. நம் தாமிரபரணிக் கரையில் கடந்த இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சபை இந்தக் கடமையை எவ்வாறு நிறைவேற்றிற்று என்று சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

மேய்ப்பனில்லாத காய்ச்சல் காலம்

நம் ஊராகிய பாளையங்கோட்டையின் பெயரிலேயே ஒரு பாளயம் இருக்கிறது. இங்கே திருச்சபை ஒரு பெயர்ப் பட்டியலாகத்தான் தொடங்கிற்று. 1778இல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மையாரைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் உருவானது. 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். 1785இல் அந்த அம்மையாரின் முயற்சியால் கட்டப்பட்ட ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன்பின் சத்தியநாதன் ஐயர் ஊழியம் செய்தார். 1791இல் யெனிக்கே ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவர் வாலிபர், ஊக்கமுள்ளவர். ஆயினும் வந்த சிறிது காலத்திலேயே மலைக்காய்ச்சல் அவரைப் பற்றிக்கொண்டது. குணமாகி எழுவதும் மறுபடியும் விழுவதுமாக ஆண்டுகள் கழிந்தன. 1800இல் அவர் தஞ்சையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நம் பகுதியின் சபை வரலாற்றில், தொடக்கத்திலேயே ஒரு மேய்ப்பர் நோயால் தம் மந்தையை விட்டுப் பிரிந்திருக்க நேர்ந்தது.

1802இல் கெரிக்கே ஐயர் இப்பகுதியில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது, கிராமம் கிராமமாக மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். சில மாதங்களுக்குள் சபை ஆயிரக்கணக்காய்ப் பெருகிற்று. மறு ஆண்டே கெரிக்கே ஐயரும் மரித்தார். இத்தனை பெரிய மந்தையைப் பராமரிக்க ஆட்கள் இல்லை. அந்த நிலையில்தான் 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி ஆகிய பகுதிகளில் ஒரு கொள்ளைக்காய்ச்சல் பரவியது. அதன் காரணத்தை ஆராய அரசு நியமித்த மருத்துவர்கள் எழுதிய அறிக்கை 1816இல் அச்சாயிற்று. பருவம் தவறிய மழையையும் ஈரமான காற்றையும் அவர்கள் காரணமாகக் கருதினார்கள். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிய 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காய்ச்சலில் புதிய விசுவாசிகள் பலர் மாண்டார்கள். பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் பயத்தினால் தங்கள் பழைய தெய்வங்களின் பலிபீடங்களுக்குத் திரும்பிச் சென்றதாக மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. பல பிரசங்கங்களில் நான் அவர்களை விசுவாசத்தில் குன்றியவர்கள் என்று குறிப்பிட்டிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல என் நாவு எழவில்லை. வீட்டில் பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் பிணம் கிடக்கிறது. ஜெபிக்க யாராவது வருவார்களா என்று வழி பார்த்திருந்து, ஒருவரும் வராத நிலையில் ஒரு தகப்பன் என்ன செய்வான்? 1816இல் ஹஃப் ஐயர் பாளையங்கோட்டைப் படையினருக்குக் குருவாக வந்தபோது, சிதறிக்கிடந்த கிராமச் சபைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். அவர்களுக்கென மிஷனெரிமாரை அனுப்பும்படி விண்ணப்பித்தார். அதன் பலனாகவே 1820இல் ரேனியஸ் ஐயர் இங்கே வந்தார். திருநெல்வேலித் திருச்சபையின் பெரும் வளர்ச்சியை நாம் ரேனியஸ் ஐயரிலிருந்து தொடங்கிச் சொல்வது வழக்கம். கொள்ளைநோய்க்குப் பின் மிச்சமிருந்தவர்களைத் தேடிப்போன ஒருவரின் கால்நடையையும் அந்த வரலாற்றோடு சேர்த்துச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆற்றங்கரையும் அடுத்த வீட்டு வாசலும்

அதற்குள் இன்னொரு நோய் புறப்பட்டிருந்தது. 1817இல் வங்காளத்தின் ஜெஸ்ஸூரில் பெருகிய வாந்திபேதி, மறு ஆண்டில் தமிழகத்துக்குள் நுழைந்தது. இந்த நோய் தண்ணீர் வழியாய்ப் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ 1854இல் எடுத்துக்காட்டினார். நோய்க்கிருமியை ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் உறுதிசெய்தார். அதுவரை நம் மக்களுக்கு அது காற்றில் வரும் சாபமாகவே இருந்தது. குடிக்கவும் குளிக்கவும் வயலுக்குப் பாய்ச்சவும் நாம் நம்பியிருக்கும் ஆறும் வாய்க்காலுமே நோயைச் சுமந்து வந்தன என்பதை அவர்கள் எப்படி அறிந்திருப்பார்கள்?

என் பாட்டி சிறுமியாயிருந்தபோது கண்ட ஒரு வாந்திபேதிக் காலத்தைப் பற்றி எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். தெருவே கதவடைத்துக் கிடந்ததாம். நோய் கண்ட வீட்டுக்கு ஒருவரும் போகமாட்டார்கள். ஆனால் எங்கள் ஊர் உபதேசியாரின் மனைவி, தினமும் காலையில் ஒரு கலயத்தில் கஞ்சி காய்ச்சி, அந்த வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். உள்ளேயிருந்து பதில் குரல் வரும் வரைக்கும் அவ்விடம் விட்டு நகரமாட்டாராம். சில நாட்களில் ஒரு முனகல்தான் பதிலாய் வரும். அதைக் கேட்டபின்பே அடுத்த வீட்டுக்குப் போவார். "கஞ்சியைவிட அந்தக் கூப்பாடுதான் எங்களைப் பிழைக்க வைத்தது" என்று பாட்டி சொல்லுவார். பாட்டியின் வீடும் அந்த வீடுகளில் ஒன்று.

அந்த அம்மையாருக்குக் கிருமியியல் தெரியாது. ஆயினும் தள்ளி நிற்கவேண்டிய தூரத்தையும், விட்டுவிடக்கூடாத உறவையும் அவர் அறிந்திருந்தார். தெருவின் அகலத்துக்கு விலகி நின்றுகொண்டே பெயர் சொல்லிக் கூப்பிட அவரால் முடிந்தது.

டோனாவூரின் ஓர் அறை

கொள்ளைநோய் ஒரு நாள் ஓய்ந்துபோகும். ஆனால் சிலருடைய தனிமை ஓய்வதில்லை. படுக்கையோடு இருக்கிற முதியோரும், நீண்ட நோயாளிகளும் ஊர் திறந்தபின்பும் அறைக்குள்ளேயே இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களை நினைக்கும்போது, களக்காட்டுக்கு அருகேயுள்ள டோனாவூர் என் நினைவுக்கு வரும்.

ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் அங்கே பிள்ளைகளைப் பேணி வளர்த்தவர். 1931 செப்டம்பர் 24ஆம் தேதி, ஊழியத்துக்காக ஒரு வீட்டைப் பார்வையிடக் களக்காட்டுக்குச் சென்றவர், மங்கலான மாலை வெளிச்சத்தில் ஒரு குழிக்குள் விழுந்தார். கால் முறிந்தது. சில வாரங்களில் நடந்துவிடலாம் என்று எல்லாரும் எண்ணினார்கள். ஆனால் 1951 ஜனவரி 18ஆம் தேதி மரிக்கும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அவருடைய வாழ்க்கை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தது.

நோயாளிகளுக்காகச் சுகமுள்ளவர்கள் எழுதிய ஆறுதல் புத்தகங்கள் தம்மைத் தொடவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஆகவே நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாகவே அவர் எழுதத் தொடங்கினார். அவை 1933இல் புத்தகமாய் வெளிவந்தன. வலி குறைந்துவிட்டதாக அவர் பாசாங்கு செய்யவில்லை. டோனாவூர்க் குடும்பமும் தங்கள் தாயை அறையில் வைத்துவிட்டுத் தன் வழியே போய்விடவில்லை. ஆலோசனைக்கும் ஜெபத்துக்கும் அந்த அறையைத் தேடி வந்தார்கள். படுக்கையில் இருந்தபடியே அவர் அந்தக் குடும்பத்தின் தாயாக இருந்தார். அவருடைய விருப்பப்படி கல்லறையின்மேல் நினைவுக்கல் எதுவும் வைக்கப்படவில்லை. பறவைகள் நீர் அருந்தும் ஒரு கல்தொட்டிதான் இன்றும் அங்கே இருக்கிறது.

அடிக்கப்படாத மணி

இனி நம் நாட்களுக்கு வருவோம். 2020 மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 22ஆம் தேதி நம் மாவட்டத்தில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அது லெந்து காலம். அந்நாட்களில் எல்லார் வாயிலும் இருந்த குவாரண்டைன் என்ற சொல், கப்பல்களை நாற்பது நாள் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தி வைத்த வெனிஸ் நகரத்தாரின் வழக்கத்திலிருந்து வந்தது. நாற்பது நாள் உபவாச காலத்தில் இருந்த நமக்கு, விரும்பாத இன்னொரு நாற்பது நாள் வந்து சேர்ந்தது. ஏப்ரல் 12ஆம் தேதி ஈஸ்டர். பூட்டிய ஆலயத்தில் ஒரு கைப்பேசியின் முன் நின்று, வெறும் பெஞ்சுகளைப் பார்த்து உயிர்த்தெழுதலைப் பிரசங்கித்தேன். செப்டம்பர் முதல் தேதிதான் ஆலயங்கள் திறக்க அனுமதி கிடைத்தது.

பயம் மனிதரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதையும் அந்த ஏப்ரல் மாதம் காட்டிற்று. சென்னையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து தொற்றுக்குள்ளாகி இறந்த ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்கியது. உடன் மருத்துவர் ஒருவர் இரவில் தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். அதன்பின் தமிழக அரசு 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய அடக்கங்களைத் தடுப்போருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை என்று அவசரச் சட்டம் பிறப்பித்தது. மரித்தவரை மண்ணில் வைக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

இரண்டாம் அலை 2021 மே மாதத்தில் நம் வீடுகளுக்குள் வந்தது. மே 10 முதல் மறுபடியும் முழு ஊரடங்கு. நம் மகேந்திரகிரியில் ராக்கெட் இயந்திரங்களுக்காக இருந்த திரவ ஆக்சிஜன் லாரிகளில் ஏறி மருத்துவமனைகளுக்குப் போயிற்று. அந்த வாரங்களில்தான் நானும் தொற்றுக்குள்ளானேன். குருமனையின் மாடியறையில் 14 நாள் இருந்தேன். என் மனைவி படிக்கட்டின் மேற்படியில் கஞ்சியும் ரசமும் வைத்து, டம்ளரால் தரையைத் தட்டிவிட்டு இறங்கிப்போவார். இரவுகளில் இருமல் ஓயாது. ஜெபிக்க முயன்றால் வார்த்தை வராது. பிறருக்கு நான் படுக்கையருகே சொல்லிவந்த ஆறுதல்கள் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்து, எனக்கே அந்நியமாய் ஒலித்தன.

ஆறாம் நாள் நம் சபை மூப்பர் ஒருவர் மருத்துவமனையில் மரித்தார். கடைசிப் பெஞ்சில் அமர்கிற அந்தத் தாயாரின் கணவர்தான் அவர். கவச உடை அணிந்த நான்கு பேர் அவரை இறக்கினார்கள். அந்தத் தாயாரும் தொற்றோடு வேறிடத்தில் இருந்ததால் கணவரின் முகத்தைக் காணவில்லை. நான் மாடியறையிலிருந்து கைப்பேசியில் ஜெபித்தேன். கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் கையில் இருந்த போனில் அது கேட்டது. அன்று காலையில் கோயில்பிள்ளை என்னை அழைத்து, "ஐயா, மணி அடிக்கட்டுமா?" என்று கேட்டார். மணிச்சத்தம் கேட்டால் ஜனம் கூடிவிடும் என்று எண்ணி, வேண்டாம் என்று சொன்னேன். நாற்பது ஆண்டுகள் ஒவ்வொரு ஞாயிறும் அந்த மணிக்கு முன்பாகவே ஆலயத்துக்கு வந்தவர், மணி ஒலிக்காமல் மண்ணுக்குள் போனார்.

அந்த முடிவு அன்றைக்குச் சரியானதுதான் என்று இன்றும் எண்ணுகிறேன். கூட்டம் கூடியிருந்தால் இன்னும் சில வீடுகளில் துக்கம் நிகழ்ந்திருக்கும். என் தவறு அதன்பின் நடந்தது. சுகமாகி இறங்கிவந்தபின் அந்தத் தாயாரிடம் இரண்டு முறை தொலைபேசியில் பேசினேன், அதோடு நிறுத்திக்கொண்டேன். ஆலயம் திறந்தது, ஆராதனை தொடங்கிற்று, அசனம் நடந்தது. அவர் கதவருகே அமர்ந்ததை ஒவ்வொரு வாரமும் பீடத்திலிருந்து கண்டேன். பாளயம் புறப்பட்டுப் போய்விட்டது. மிரியாம் இன்னும் வெளியே இருந்தாள்.

லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. குஷ்டரோகி சுகமானால் அவன் தானாக வந்து கதவைத் தட்டவேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆசாரியன் பாளயத்துக்குப் புறம்பே போய் அவனைப் பார்க்க வேண்டும். அதன்பின் பலியும் கழுவுதலும் காத்திருப்பும் உண்டு. முடிவில் அவன் பாளயத்துக்குள் சேர்த்துக்கொள்ளப்படுகிறான். வெளியே அனுப்புவதற்கு ஒழுங்கு இருந்ததுபோலவே உள்ளே அழைத்துவருவதற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. 2020இலும் 2021இலும் நாம் முதல் ஒழுங்கைக் கவனமாய்க் கைக்கொண்டோம். இரண்டாவதை மறந்தோம். முதலாவதாக மறந்தவன் உங்கள் போதகனாகிய நான். இதற்காக உங்களிடத்திலும், அந்தத் தாயாரிடத்திலும், கர்த்தரிடத்திலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

பிரியமானவர்களே, செய்யக்கூடியவை இன்னும் இருக்கின்றன. இம்மாதத்தின் கடைசி ஞாயிறு ஆராதனையில், ஊரடங்கு நாட்களில் மணி ஒலிக்காமல் அடக்கம் செய்யப்பட்ட நம் சபையார் ஒவ்வொருவரின் பெயரையும் பீடத்திலிருந்து வாசிப்போம். எந்த நோயினால் மரித்திருந்தாலும் சரி. ஒவ்வொரு பெயருக்கும் கோயில்பிள்ளை ஒரு முறை மணி அடிப்பார். உங்கள் குடும்பத்தில் அப்படிப்பட்டவர் இருந்தால் பெயரைக் குருமனையில் கொடுத்துவிடுங்கள். 40 பெயர்களோடு தொடங்கிய திருநெல்வேலிச் சபையின் பிள்ளைகள் நாம்; பெயர்களைக் கைவிடுவது நமக்குத் தகாது.

இன்னொன்று. இந்த வாரம் உங்கள் தெருவில் நோயினாலோ முதுமையினாலோ துக்கத்தினாலோ வெளியே வராமல் இருக்கிற ஒருவரின் வீட்டு வாசலுக்குப் போய், அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் குரல் வரும்வரை நில்லுங்கள்.

நேற்று மாலை நானும் என் மனைவியும் அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய கணவரைப் பற்றி முதன்முறையாக இரண்டு மணி நேரம் பேசினார், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். புறப்படும்போது, "மூன்றாம் வரிசையில் உங்கள் இடம் அப்படியே இருக்கிறது அம்மா" என்றேன். "தனியாகவா ஐயா உட்கார?" என்று கேட்டார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வருகிற ஞாயிறு தாம் அருகே அமர்வதாகச் சொன்னார். "பார்க்கலாம்" என்றார். அவர் வருமட்டும் காத்திருப்போம்.

ஜெபிப்போம்: பாளயத்துக்குப் புறம்பே பாடுபட்ட எங்கள் ஆண்டவரே, நாங்கள் வெளியே விட்டுவந்தவர்களை எங்களுக்கு நினைப்பூட்டும். அவர்களைத் தேடிப்போகக் கால்களையும், காத்திருக்கப் பொறுமையையும் தாரும். ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்